பன்னாவில் புலிகள் இல்லாமல் போனதும் திரும்பி வந்ததும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு காட்டில் முப்பதுக்கும் மேல் புலிகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. அதே ஆண்டுகளில் அந்தக் காட்டின் புலிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், 2009 தொடக்கத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மத்தியப் பிரதேசத்தின் பன்னா புலிகள் காப்பகத்தில் நடந்தது இது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அதில் முதல் முயற்சி பாதியில் தடுமாறியது, கடைசியில் குட்டிகள் பிறந்து, இன்று ஐம்பதுக்கும் மேல் புலிகள் அங்கே உலவுகின்றன.

இதில் வரும் ஆய்வாளர், அதிகாரிகள், களப்பணியாளர்கள் யார் பெயரையும் எழுதவில்லை. யார் என்பதைவிட, எந்த நேரத்தில் கையில் என்ன தகவலை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுத்தார்கள் என்பதுதான் இன்னொரு காட்டில் வேலை செய்பவருக்குப் பயன்படும்.

எப்படிப்பட்ட காடு

பன்னா, விந்திய மலைத்தொடரில் படிப்படியாக இறங்கும் பீடபூமி. நடுவில் கென் ஆறு ஓடுகிறது. தேக்கும் முட்புதரும் புல்வெளியுமாக இருக்கும் வறண்ட இலையுதிர்க் காடு, கோடையில் பார்த்தால் பாறையும் காய்ந்த சருகும்தான் கண்ணுக்குத் தெரியும். பழைய சமஸ்தானங்களின் வேட்டைக்காடாக இருந்த இடம். 1981-ல் தேசியப் பூங்கா ஆனது, 1994-ல் புலிகள் காப்பகம் ஆனது. உட்பகுதியின் பரப்பு சுமார் 543 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் கிராமங்கள், மேய்ச்சல் மாடுகள், பக்கத்திலேயே வைரச் சுரங்கம்.

இந்த வறட்சியை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஈரக்காட்டில் இரை நெருக்கமாக இருக்கும், ஒரு பெண் புலி சின்ன எல்லைக்குள்ளேயே குட்டிகளை வளர்த்துவிடும். வறண்ட காட்டில் மானும் கடமானும் தண்ணீரைத் தேடிச் சிதறிக் கிடப்பதால் அதே புலி பல மடங்கு பெரிய பரப்பை நடந்து தீர்க்க வேண்டியிருக்கிறது, ஆக அதன் எல்லை காப்பகத்தின் கோட்டைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. வெளியே மாட்டுக்கு வைத்த விஷமும் பன்றிக்கு வைத்த கண்ணியும் காத்திருக்கின்றன. வரைபடத்தில் 543 சதுர கிலோமீட்டர் பத்திரமான காடாகத் தெரிந்தாலும், புலியைப் பொறுத்தவரை அதில் ஓரம்தான் அதிகம்.

1990-களின் நடுவில் ஓர் ஆய்வாளர் இங்கே புலிகளுக்கு, இருக்கும் இடத்தைச் சிக்னலாகச் சொல்லும் ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி ஆண்டுக்கணக்கில் பின்தொடரத் தொடங்கினார். அப்போது நூறு சதுர கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று புலிகள் என்றிருந்த நிலை, நல்ல பாதுகாப்பு கிடைத்த சில ஆண்டுகளில் ஏறி, 2002 வாக்கில் ஏழுக்குப் பக்கத்தில் வந்தது. வறண்ட காட்டுக்கு அது மிக நல்ல எண்ணிக்கை. பன்னாவின் உச்சம் என்றும் அந்த ஆண்டைச் சொல்லலாம்.

என்ன கவனிக்கப்பட்டது

2002-க்குப் பிறகு, பட்டை மாட்டிய புலிகளும் அடையாளம் தெரிந்த புலிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போகத் தொடங்கின. அதிலும் குட்டி போடும் வயதிலிருந்த பெண் புலிகள். தினமும் சிக்னல் கேட்டுப் பழகிய ஆய்வாளருக்கு அது உடனே தெரிந்தது. எழுத்தில் சொன்னார், கூட்டங்களில் சொன்னார், டெல்லி வரை சொன்னார்.

வனத்துறையின் கணக்கு வேறு மாதிரி இருந்தது. அன்றைக்கு நாடு முழுக்கப் புலிகளை எண்ணியது கால்தடத்தை வைத்து. ஒவ்வொரு வனக்காவலரும் தன் பகுதியில் கிடைக்கும் தடத்தைக் கண்ணாடித் தகட்டில் வரைந்து, சாந்து வார்த்து அச்செடுத்துக் கொண்டுவருவார். அந்த அச்சுகளை ஒப்பிட்டு, இது இன்ன புலி, அது வேறு புலி என்று பிரிப்பார்கள். 1966-ல் உருவான முறை இது, அந்தக் காலத்துக்கு ஒரு தொடக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் ஈர மண்ணில் விழும் தடம் ஒரு மாதிரி, காய்ந்த புழுதியில் விழும் தடம் வேறு மாதிரி. ஒரே புலி ஓடும்போதும் நடக்கும்போதும் தடம் மாறும். ஒரு புலி மூன்று பேர் பகுதியில் நடந்திருந்தால் அது மூன்று புலியாகப் பதிவாக எல்லா வாய்ப்பும் உண்டு. புலி குறைந்துவிட்டது என்று எழுதும் காவலர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், இருக்கிறது என்று எழுதுபவரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. இப்படியொரு ஏற்பாட்டில் எண்ணிக்கை எந்தப் பக்கம் சாயும் என்பதை யோசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், அதற்கு யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

இன்னொன்று. ஒரு புலி செத்தால் ஒரு புலியோடு போவதில்லை. பெண் புலி செத்தால் வேட்டையாடத் தெரியாத குட்டிகள் பட்டினியில் சாகும். எல்லையைக் காத்துவந்த ஆண் புலி செத்தால் அந்த இடத்தைப் பிடிக்க வரும் புதிய ஆண், பழைய ஆணின் குட்டிகளைக் கொன்றுவிடும். சில வருடங்களில் ஐந்தாறு பெரிய புலிகளை எடுத்துவிட்டால், மிச்சத்தைக் காடே முடித்துவைக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. புலி எப்போதுமே கண்ணில் படாத விலங்கு, ஆறு மாதம் பார்க்கவில்லை என்றால் அது செத்ததா ஒளிந்ததா என்று யாரால் சொல்ல முடியும்?

சொன்னவருக்கு நடந்தது

இந்த நிகழ்வில் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி இதுதான். புலி குறைகிறது என்று சொன்ன ஆய்வாளரின் வேலை படிப்படியாக முடக்கப்பட்டது. காட்டுக்குள் போகும் அனுமதி சிக்கலானது, வாகனம் பறிமுதலானது, கழுத்துப்பட்டை வேலை நின்றது. அதாவது, காட்டில் ஒவ்வொரு புலியும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி, அது மிக அவசியமாகத் தேவைப்பட்ட நேரத்தில் அடைபட்டது.

அதே சமயம் ராஜஸ்தானில் சரிஸ்கா வெடித்தது. கணக்கில் பத்துக்கும் மேல் புலிகள் இருந்த அந்தக் காப்பகத்தில் ஒன்றுகூட இல்லை என்பது 2005 தொடக்கத்தில் உறுதியானது. நாடே அதிர்ந்தது. மத்தியப் புலனாய்வுத் துறை இறங்கியது, பிரதமர் புலிப் பணிக்குழு அமைத்தார், அடுத்த ஆண்டே தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வந்தது, கால்தட முறைக்குப் பதிலாகத் தானியங்கி கேமராவும் மாதிரிக் கணக்கெடுப்பும் வந்தன. 2002-ல் நாட்டில் 3,642 புலிகள் என்று சொன்ன பழைய முறைக்கும், 2008-ல் 1,411 என்று சொன்ன புதிய முறைக்கும் இருந்த இடைவெளியை அன்று பத்திரிகை படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சரிஸ்காவைப் பார்த்த பிறகாவது பன்னாவில் நிறுத்தியிருக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழுவும் எச்சரித்தது, புலிகள் ஆணையமும் எச்சரித்தது. மாநிலத்தின் பதில் ஒன்றாகவே இருந்தது: புலிகள் இருக்கின்றன, எங்களுக்குத் தடம் கிடைக்கிறது.

புதிய முறையும் இங்கே கை கொடுக்கவில்லை. 2008-ல் வெளியான அந்தப் புதிய மதிப்பீடு பன்னாவுக்குக் கொடுத்த எண் 24, குறைந்தது 15, அதிகம் போனால் 32. களவேலை நடந்தது 2006-ல், அறிக்கை வந்தது இரண்டு ஆண்டு கழித்து. வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும் காட்டுக்கு இரண்டு ஆண்டு என்பது மிக நீண்ட காலம். அந்த 24 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு இன்னும் சில மாதங்கள் போயின.

2008 கடைசியில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் குழு பன்னாவைச் சல்லடை போட்டுத் தேடியது. ஒரே ஓர் ஆண் புலி இருப்பதற்கான அறிகுறிதான் கிடைத்தது. 2009 ஜனவரியில் அதுவும் கடைசியாகக் கண்ணில் பட்டது, அப்புறம் இல்லை.

முதல் முடிவு: இரண்டு பெண் புலிகள்

இதற்கு முன்பே மாநில வனத்துறை ஒரு திட்டம் போட்டிருந்தது. பன்னாவில் ஆண்கள் இருக்கின்றன, பெண்கள்தான் குறைந்துவிட்டன, எனவே இரண்டு பெண் புலிகளைக் கொண்டுவந்து விட்டால் இனம் பெருகும் என்பது வாதம். 2009 மார்ச் முதல் வாரத்தில் அதே மாநிலத்தின் பாந்தவ்கர் காப்பகத்திலிருந்து ஒரு பெண் புலி சாலை வழியாக வந்தது, சில நாட்களில் கான்ஹா காப்பகத்திலிருந்து இன்னொன்று விமானப்படை ஹெலிகாப்டரில் வந்தது. டி1, டி2 என்று எண் கொடுத்தார்கள்.

இரண்டும் வந்து இறங்கியபோது காட்டில் ஆண் இல்லை. இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள், அப்புறம் பெண்களைக் கொண்டுவரலாம் என்று எச்சரிக்கை எழுந்திருந்தது, அவசரத்தில் அது அடிபட்டுப் போனது. ஏன் இந்த அவசரம் என்று கேட்டால், என் கணிப்பு இதுதான்: காட்டில் புலியே இல்லை என்று ஒப்புக்கொள்வதைவிட, பெண் புலி குறைவு என்று சொல்வது எல்லோருக்கும் எளிதாக இருந்திருக்கிறது. பிரச்சினையை எப்படிப் பெயரிட்டார்களோ அதற்கேற்பத்தான் தீர்வும் வந்தது.

மத்திய அரசு அமைத்த சிறப்பு விசாரணைக் குழு 2009 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வேட்டைதான் முக்கியக் காரணம், எட்டு ஆண்டுகளாக எச்சரிக்கை வந்தும் கேட்கவில்லை என்று அது எழுதியது. ஆண் பெண் விகிதம் கெட்டுப்போனதால் புலிகள் தானாக அழிந்தன என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. பன்னா அதிகாரபூர்வமாகப் புலி இல்லாத புலிகள் காப்பகம் ஆனது.

மூன்றாவது புலியும் அதன் நடையும்

காப்பகத்துக்குப் புதிய கள இயக்குநர் பொறுப்பேற்றார். மிச்சமிருந்த ஊழியர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். புலியைத் தொலைத்தவர்கள் என்று நாடு முழுக்கப் பெயர் வாங்கியவர்கள், உள்ளூர்க் கடைத்தெருவில்கூடத் தலைநிமிர்ந்து நடக்க முடியாத நிலை. அவர்களை வைத்துத்தான் அவர் வேலை செய்ய வேண்டியிருந்தது, அவர்களை வைத்தேதான் செய்தார்.

2009 நவம்பர் முதல் வாரத்தில் பெஞ்ச் காப்பகத்திலிருந்து ஓர் ஆண் புலி வந்தது. டி3. சில நாள் வேலியிட்ட அடைப்பில் வைத்திருந்துவிட்டு நவம்பர் நடுவில் காட்டுக்குள் விட்டார்கள். இரண்டு பெண் புலிகள் அங்கேதான் இருக்கின்றன, தேடிப் போய்ச் சேர்ந்துகொள்ளும் என்பது எதிர்பார்ப்பு.

அது சேரவில்லை. நவம்பர் கடைசியில் டி3 காப்பகத்தை விட்டு வெளியேறித் தெற்கே நடக்கத் தொடங்கியது. பெஞ்ச் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசை. வண்டியில் மயக்க நிலையில் கொண்டுவரப்பட்ட ஒரு விலங்குக்குத் தன் ஊர் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

அன்றைக்குக் குழுவின் முன் மூன்று வழிகள் இருந்தன. உடனே மயக்க ஊசி போட்டுப் பிடிப்பது ஒன்று. ஆனால் வயல்வெளியிலும் ஊருக்குப் பக்கத்திலும் ஓடும் புலிக்கு ஊசி போடுவது ஆபத்து, ஊசி பட்ட புலி ஆற்றிலோ கிணற்றிலோ விழுந்தால் போயிற்று, கூட்டம் கூடிவிட்டால் மனிதரும் போகலாம். போகட்டும் என்று விட்டுவிடுவது இன்னொன்று, அப்படி விட்டால் வழியில் மின்கம்பியிலோ கண்ணியிலோ மாட்டிச் செத்திருக்கும், திட்டமும் அத்தோடு முடிந்திருக்கும். மூன்றாவது வழி, பின்னாலேயே போவது. எங்கே போனாலும் பார்வையிலிருந்து விடாமல், ஏற்ற இடம் அமையும்வரை காத்திருந்து பிடிப்பது. செலவும் உழைப்பும் அதிகம் கேட்கும் இந்த மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏறக்குறைய எழுபது பேர், நான்கு யானைகள். ரேடியோ சிக்னல் கேட்க வேண்டுமென்றால் புலிக்குச் சில கிலோமீட்டருக்குள்ளாவது இருந்தாக வேண்டும், மலைமடிப்பில் இறங்கிவிட்டால் சத்தமே கேட்காது. டிசம்பர் குளிரில், புலி இரவில் நடக்கும்போது இவர்களும் நடந்து, அது பகலில் படுக்கும்போது இவர்கள் அடுத்த திட்டத்தைப் போட்டு, சத்தர்பூர், சாகர், தமோ மாவட்டங்களைக் கடந்தார்கள். டி3 ஒரு மாதத்தில் நடந்த தூரம் நானூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் கால்நடைகளை அடித்தது, மனிதர் ஒருவரையும் தொடவில்லை. புலியைத் தொலைத்த பிழைப்பு என்று கேட்டுக் கேட்டு நொந்துபோயிருந்த அந்த ஊழியர்கள்தான் இந்த ஒரு மாதமும் இதன் பின்னால் நடந்தவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

டிசம்பர் 25 அன்று தமோ மாவட்டத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, மறுநாள் பன்னாவுக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

இப்போது, ஏன் போனது என்ற கேள்விக்குப் பதில் தேவைப்பட்டது, இல்லாவிட்டால் மறுபடியும் போகும். பெண் புலிகள் இருப்பதற்கான அறிகுறி அதன் மூக்குக்கு எட்டவில்லை என்று கள இயக்குநரும் குழுவும் கணித்தார்கள். புலிக்கு எல்லையும் துணையும் தெரிவது வாசனையால். அதனால் பெண் புலியின் சிறுநீரைச் சேகரித்து வந்து, டி3-ஐ விட்ட இடத்திலிருந்து டி1 இருந்த பகுதி நோக்கிக் காட்டில் ஆங்காங்கே தெளித்தார்கள். எளிய வேலை, ஆனால் விலங்கின் பக்கத்திலிருந்து யோசித்தால்தான் தோன்றும்.

டி3 சில நாட்களில் டி1-ஐச் சென்று சேர்ந்தது. 2010 ஏப்ரல் 16 அன்று டி1 நான்கு குட்டிகளை ஈன்றது. புலிக்குக் கர்ப்பகாலம் ஏறத்தாழ 105 நாள், பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் புத்தாண்டை ஒட்டியே இரண்டும் கூடியிருக்கின்றன. நான்கில் இரண்டு பிழைத்தன. அதே ஆண்டு டி2-வும் குட்டி போட்டது. பன்னாவில் இன்றும் ஏப்ரல் 16-ஐப் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அடுத்து எடுத்த முடிவுகள்

குட்டிகள் பிறந்ததோடு நிறுத்தியிருந்தால் மூன்று புலிகளின் ரத்தம் மட்டுமே சுழன்று கொண்டிருந்திருக்கும். சரிஸ்காவில் 2008-ல் முதலில் விட்ட புலிகள் ராஜஸ்தானிலேயே இருக்கும் ரந்தம்போர் காப்பகத்திலிருந்து வந்த நெருங்கிய உறவுகள், அந்தத் தவறு அப்போதே பேசப்பட்டது. பன்னாவுக்கு முதல் மூன்றும் மூன்று வெவ்வேறு காடுகளிலிருந்து வந்ததே ஒரு நல்ல தொடக்கம்.

2011-ல் எடுத்த முடிவு இன்னும் துணிச்சலானது. கான்ஹாவில் தாயை இழந்த இரண்டு பெண் குட்டிகள் மனிதர் கையால் பால் குடித்து வளர்ந்து, பிறகு பெரிய அடைப்புக்குள் வேட்டையாடப் பழகியிருந்தன. கையால் வளர்ந்த புலி காட்டில் பிழைக்காது, ஊருக்குள் வரும், ஆளைத் தாக்கும் என்றுதான் பொதுவாக நினைத்தார்கள். அந்த இரண்டையும் டி4, டி5 என்று பன்னாவில் விட்டார்கள். டி4 அந்த ஆண்டே காட்டில் குட்டி போட்டது. இந்தியாவில் அதற்கு முன் இப்படி நடந்ததில்லை.

கண்காணிப்பு இதையெல்லாம் தாங்கிப் பிடித்தது. பட்டை மாட்டிய ஒவ்வொரு புலிக்கும் ஒரு குழு, இருபத்துநான்கு மணி நேரமும் முறை மாற்றி, எங்கே இருக்கிறது, நகர்ந்ததா, இரை அடித்ததா என்று பதிவு. முன்பு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணிய காடு, இப்போது இன்றிரவு டி2 எங்கே படுத்திருக்கிறது என்று சொல்லக்கூடிய காடாக மாறியது.

அப்புறம் மக்கள். காப்பகத்தைச் சுற்றியிருந்த ஊர்களுக்குப் புலி என்றால் மேய்ச்சல் தடை, வழக்கு, விரட்டல். மக்கள் ஆதரவோடு புலிப் பாதுகாப்பு என்பதை முழக்கமாக்கி, ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளையும் ஊராரையும் இயற்கை முகாம்களுக்குக் காட்டுக்குள் அழைத்துப் போனார்கள். டி3 நடந்த ஒரு மாதத்தில் வழியிலிருந்த ஊர்கள் ஒத்துழைக்காமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்பதைக் குழு நேரிலேயே பார்த்திருந்ததே.

பார்தி சமூகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக வேட்டையே தொழிலான நாடோடிச் சமூகம். மன்னர்களின் வேட்டைக்கு வழிகாட்டிகளாக இருந்தவர்களை ஆங்கிலேயர் சட்டம் பிறவிக் குற்றவாளி என்று முத்திரை குத்தியது, சட்டம் 1952-ல் போனாலும் முத்திரை போகவில்லை. புலித்தோல் வியாபாரத்தில் லாபம் எல்லாம் நகரத்துத் தரகருக்குப் போக, பொறி வைத்து மாட்டிக்கொள்பவர் அவர்களில் சிலர். பன்னாவில் அவர்கள் பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளி தொடங்கினார்கள், பெரியவர்களில் சிலரைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காடு காட்டும் வழிகாட்டிகளாக்கினார்கள். ஒரு பறவைச் சத்தத்தை வைத்து எந்த விலங்கு நடக்கிறது என்று சொல்லும் அறிவு அவர்களிடம் இருக்கிறது. இது எல்லாக் குடும்பத்தையும் எட்டிவிட்டது என்று சொல்ல வரவில்லை. வேட்டையை நிறுத்து என்று சொல்வதற்கு முன் வேறென்ன செய்வது என்ற கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் வைத்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

என்ன ஆனது

பத்து ஆண்டுக்குள் பன்னாவில் பிறந்த புலிகள் காப்பகத்தை நிரப்பி, வெளியே பரவத் தொடங்கின. ஓர் இளம் ஆண் கிழக்கே சஞ்சய் காப்பகம் வரை போய்ச் சேர்ந்தது. டி3 வயதான பிறகு தன் வாரிசுகளிடமே எல்லையை இழந்து காப்பகத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது, புலிகளின் வாழ்க்கை அப்படித்தான்.

2021 மே மாதம் ஒரு பெண் புலி செத்தது, எட்டு மாதம்கூட ஆகாத நான்கு குட்டிகள் தனியாயின. பிடித்து அடைப்பில் வளர்ப்பதா, காட்டிலேயே விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆண் புலி குட்டிகளைக் கொன்றுவிடும் என்ற பயம் இருந்தாலும், அவற்றின் தந்தைக்குப் பட்டை மாட்டி, கேமரா வைத்துப் பார்த்ததில் அது குட்டிகளுக்கு அருகிலேயே திரிந்தது, தாக்கவில்லை. எனவே குட்டிகளைப் பிடிக்காமல் காட்டிலேயே விட்டுக் கண்காணித்தார்கள். பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் ஊறியிருந்ததால்தான் அது சாத்தியமானது என்று நினைக்கிறேன். பன்னாவின் பழைய நிலையில் அந்தத் தாய் செத்ததே பல மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

ஆபத்து போய்விடவில்லை. 2022 டிசம்பரில் காப்பகத்துக்கு வெளியே, பன்னா வடக்கு வனக்கோட்டத்தில், ஓர் இளம் ஆண் புலி கம்பிக் கண்ணியில் மாட்டி மரத்தில் தொங்கியபடி செத்துக் கிடந்தது. வறண்ட காட்டுப் புலி எல்லை தாண்டும் என்ற பழைய உண்மை இன்னும் அப்படியே இருக்கிறது.

மறுபடி செய்தால் எதை மாற்ற வேண்டும்

முதலாவது, எண்ணுபவரும் பொறுப்பாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. தன் வேலையின் மதிப்பெண்ணைத் தானே போடச் சொன்னால் நல்லவர்கூடத் தடுமாறுவார். வெளியிலிருக்கும் ஆய்வாளர் எண்ணட்டும், அவருடைய அனுமதி காப்பக நிர்வாகத்தின் கையில் இருக்கக் கூடாது. பன்னாவில் முதலில் உடைந்தது இந்த இடம்தான். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் முதலில் சரி செய்வேன்.

இரண்டாவது, மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, குட்டி போடும் பெண் புலிகளின் பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும். எத்தனை புலி என்று கேட்டால் 15 முதல் 32 வரை என்று பதில் வரலாம். இந்த எட்டுப் பெண் புலிகளைப் போன மூன்று மாதத்தில் யார் பார்த்தது என்று கேட்டால் அப்படி நழுவ முடியாது. இரண்டு பெண்கள் காணவில்லை என்ற உடனேயே வேட்டை நடப்பதாக எடுத்துக்கொண்டு தேடத் தொடங்க வேண்டும், பிறகு எங்காவது கண்ணில் பட்டால் நல்லதுதான்.

மூன்றாவது, 2009 மார்ச்சில் நடந்த அவசரம். ஆண் இருக்கிறதா என்று ஒரு மாதம் தேடிவிட்டுப் பெண்களைக் கொண்டுவந்திருக்கலாம், அல்லது ஆணையும் சேர்த்தே கொண்டுவந்திருக்கலாம். டி1, டி2 இரண்டும் எட்டு மாதம் துணையில்லாமல் அலைந்தன, அதில் ஒன்று போயிருந்தாலும் திட்டம் பாதியாகியிருக்கும்.

டி3-ஐ விட்ட விதத்தையும் மாற்றலாம். வாசனை தெளிக்கும் வேலையை முதல் நாளே செய்திருந்தால் அந்த நானூறு கிலோமீட்டர் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அன்றைக்கு அதை யாரும் அறிந்திருக்கவில்லை, தெரியாததற்குக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இனி ஆண் புலியை இடம் மாற்றுபவர்களுக்கு அது தெரியும்.

கடைசியாக, காப்பகத்துக்கு வெளியே இருக்கும் காட்டின் பொறுப்பு. உள்ளே ஒவ்வொரு புலிக்கும் ஒரு குழு, கோட்டைத் தாண்டினால் வேறு கோட்டம், வேறு அதிகாரி, வேறு வேலைப்பளு. புலி கோட்டைத் தாண்டும்போது கண்காணிப்புக் குழுவும் தாண்டிப் போகும் அதிகாரம் வேண்டும், டி3 விஷயத்தில் அது நடந்தது, ஆனால் அது அன்றைய அவசரத்துக்காகச் செய்தது.

இப்போது

2024 டிசம்பர் 25 அன்று கென், பேத்வா ஆறுகளை இணைக்கும் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தௌதன் அணை வருவது காப்பகத்தின் உட்பகுதியில். நீர்த்தேக்கத்தில் சுமார் 9,000 ஹெக்டேர் மூழ்கும், அதில் பெரும்பகுதி காடு, ஆற்றோரப் பள்ளத்தாக்கு. டி3-ஐத் தமோவில் பிடித்து அன்றோடு சரியாகப் பதினைந்து ஆண்டு.

வறண்ட காட்டில் புலிக்குக் கோடையில் மிஞ்சும் நிழலும் நீரும் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கின்றன. மூழ்கப் போகும் இடத்தில் எந்தெந்தப் பெண் புலிகளின் எல்லை இருக்கிறது, எந்தக் குகையில் எது குட்டி போட்டது, அவை எந்தப் பக்கம் நகர இடமிருக்கிறது என்பதையெல்லாம் அணை எழும்பும் முன்பே எண்ணோடும் இடத்தோடும் எழுதி வைத்துவிட முடியும். அதைச் செய்யத் தெரிந்த ஊழியர்கள் பன்னாவில் இருக்கிறார்கள்.